பயண இழுவை வண்டிகளில் நீர்க்குழாய் மற்றும் உட்புறப் பழுதுகள்

பயண இழுவை வண்டி என்பது மகிழுந்து அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறிய வீடு ஆகும். இது கேம்பர் டிரெய்லர், டிராவல் டிரெய்லர், கேரவன் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகிறது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பேருந்து போன்ற வண்டியே பலருக்கு நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் சொந்த எஞ்சின் கொண்டது. இங்கு கூறப்படும் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வகை வண்டிகளின் பயன்பாடு மிகுதி. அமெரிக்க வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் கட்டப்படுகிறது. இக்கட்டுரை வட அமெரிக்க வண்டிகளின் நீர்க்குழாய் அமைப்பிலும் உட்புறத்திலும் அடிக்கடி ஏற்படும் பழுதுகளையும், அவற்றின் காரணத்தைக் கண்டறியும் முறைகளையும் விளக்குகிறது.

தரை மெத்தென்று அமுங்குவது, சுவர்ப்பலகை உப்புவது, அலமாரியின் அடிப்பலகை கறுப்பது போன்றவை பார்வைக்குத் தச்சு வேலைகளாகத் தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றின் மூலம் நீரே ஆகும். காரணமான கசிவு ஓரிடத்திலும் அதன் விளைவு வேறோரிடத்திலும் இருப்பதே இவ்வண்டிகளின் பழுதுகளைக் கடினமாக்குகிறது. கசிவை நிறுத்தாமல் பலகையை மட்டும் மாற்றினால் புதிய பலகையும் விரைவில் மட்கும்.

வீட்டிலிருந்து வேறுபடும் விதம்

எடையைக் குறைப்பதற்காக இவ்வண்டிகள் மெல்லிய மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டம், மெல்லிய ஒட்டுப்பலகை, நுரைப்பலகை ஆகியவற்றால் கட்டப்படுகின்றன. சாலையில் ஓடும்போது வண்டி முழுவதும் தொடர்ந்து அதிர்கிறது. நிலையான வீட்டில் முப்பது ஆண்டுகள் அசையாதிருக்கும் குழாய் இணைப்பு இங்கு ஒரு கோடைப் பயணத்திலேயே தளரக்கூடும். குளிர்காலத்தில் பல மாதங்கள் வெப்பமூட்டப்படாமல் நிறுத்தி வைக்கப்படுவதால் உறைபனியும் சேர்ந்துகொள்கிறது.

மின்சாரம் இருவகையாக உள்ளது. குளிரூட்டி, நுண்ணலை அடுப்பு போன்றவை 120 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குகின்றன. நீர்ப்பம்பு, விளக்குகள், எரிவாயு வெந்நீர்க் கலனின் கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை 12 வோல்ட் மின்கலத்தில் இயங்குகின்றன. எனவே பம்பு ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்கலமே. ஈய அமில மின்கலம் முழு மின்னேற்றத்தில், சுமையின்றி இருக்கும்போது, ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.1 வோல்ட் அளவில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்தது ஃபியூஸ். சில வண்டிகளில் பம்புக்கு இரண்டு சுவிட்சுகள், சமையலறையில் ஒன்றும் குளியலறையில் ஒன்றுமாக, இருக்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நீர் அமைப்பு

வண்டிக்குள் நீர் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, வண்டியின் அடியிலோ கட்டிலுக்குக் கீழோ உள்ள நன்னீர்த் தொட்டியிலிருந்து பம்பு வழியாக வருவது. மற்றொன்று, முகாம் மைதானத்தின் குழாயிலிருந்து நெகிழ்குழாய் மூலம் நேரடியாக வருவது. இது நகரநீர் இணைப்பு எனப்படுகிறது. பயன்படுத்திய நீர் இரண்டு தொட்டிகளில் சேர்கிறது. கழுவுதொட்டி, குளியல் ஆகியவற்றின் நீர் சாம்பல்நீர்த் தொட்டிக்கும், கழிப்பறைக் கழிவு கருநீர்த் தொட்டிக்கும் செல்கின்றன.

இன்றைய வண்டிகளில் பெக்ஸ் எனப்படும் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் குழாய்கள் பயன்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பாலிபியூட்டிலீன் குழாய்கள் பரவலாக இருந்தன. சாம்பல் நிறமுடைய இக்குழாய்களும் அவற்றின் நெகிழி இணைப்புகளும் நீரிலுள்ள குளோரினால் காலப்போக்கில் நொறுங்கக்கூடியவை. பழைய வண்டியில் சாம்பல் நிறக் குழாய் தென்பட்டால், ஒரு கசிவை அடைப்பதோடு நில்லாமல் முழுவதையும் மாற்றுவதைப் பற்றி எண்ண வேண்டும்.

பம்பு தானாக ஓடுதல்

இது மிக அதிகமாகக் காணப்படும் பழுது. பொறுமையாக ஆராய்ந்தால் மிக அதிகமான தகவலைத் தருவதும் இதுவே. பம்பில் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்று உள்ளது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்பு ஓடும். மூடினால், சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 45 முதல் 55 பவுண்டு அழுத்தம் வந்ததும் நின்றுவிடும். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் பம்பு முற்றிலும் அமைதியாக இருக்க வேண்டும். நள்ளிரவில் யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு ஓரிரு வினாடி ஓடி நின்றால், அமைப்பில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். எரிச்சலூட்டும் அந்த ஓசையைக் கசிவு எச்சரிக்கை மணியாகவே கொள்ளலாம். அதைக் கேட்க விரும்பாமல் பம்பை அணைத்துவிட்டுத் தூங்குவோர் பலர்.

அழுத்தம் இறங்க மூன்று வழிகள் உள்ளன: ஏதோ ஓர் இணைப்பில் நீர் வெளியே கசிகிறது, அல்லது கழிப்பறை வால்வு வழியாகக் கிண்ணத்திற்குள் கசிகிறது, அல்லது பம்பினுள் இருக்கும் ஒருவழி வால்வு சரியாக மூடாமல் நீர் தொட்டிக்கே திரும்புகிறது. மூன்றாவது வகையில் வண்டிக்குள் ஒரு துளி ஈரமும் இராது.

இவற்றைப் பிரித்தறிய, நிரல் எழுதுவோர் பிழை தேடுவதைப் போல, அமைப்பைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பதே நல்லது. பம்பின் வெளியேறு குழாயைக் கழற்றி அந்த வாயைத் தகுந்த மூடியால் அடைத்துவிட்டுப் பம்பை இயக்க வேண்டும். அது அழுத்தம் ஏறி நின்று, சில நிமிடங்களில் மீண்டும் ஓடினால் பழுது பம்பிலேயே உள்ளது. நின்றது நின்றபடி இருந்தால் பழுது பம்புக்கு அப்பால் உள்ளது. கழற்றாமலும் ஒரு சோதனை செய்யலாம். பம்பை அணைத்து, நகரநீர் இணைப்பைக் கொடுத்துச் சில மணி நேரம் விட வேண்டும். நன்னீர்த் தொட்டியின் மட்டம் தானாக உயர்ந்தால், பம்பின் ஒருவழி வால்வு நீரைப் பின்னோக்கி விடுகிறது. தொட்டியை நிரப்புவதற்கெனத் தனி வால்வு வைக்கப்பட்டுள்ள வண்டிகளில் அது முழுதாக மூடாமையும் இதே அறிகுறியைத் தரும். கவனிக்காமல் விட்டால் தொட்டி நிரம்பி வழியும். காற்றுப்போக்கு வழி போதாத வண்டிகளில் தொட்டி உப்புவதும் உண்டு.

பழுது பம்புக்கு அப்பால் என்று உறுதியானால், உலர்ந்த மெல்லிய தாளை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டிவிடும். கழிப்பறையின் பின்புறம், வெந்நீர்க் கலனின் பின்புறம், வண்டியின் அடியிலுள்ள வடிகுழாய் மூடிகள், வெளிப்புறக் குளியல் குழாய் ஆகியவை பெரும்பாலும் மறக்கப்படும் இடங்கள்.

பம்பு ஓடியும் நீர் வராமை

தொட்டி காலியாக இல்லை என்று உறுதி செய்தபின், குளிர்காலப் பணிக்கான உறிஞ்சு வால்வைப் பார்க்க வேண்டும். உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சுவதற்காகத் திருப்பிய வால்வை வசந்தத்தில் மீண்டும் தொட்டிப் பக்கம் திருப்ப மறந்திருந்தால், பம்பு காற்றையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடுத்த சந்தேகம் பம்புக்கு முன்னுள்ள வடிகட்டிக் கிண்ணம். அதில் விரிசலோ தளர்ந்த வளையமோ இருந்தால் காற்று உட்புகும். உறிஞ்சுபக்கக் கசிவில் நீர் வெளியே வராமல் காற்று உள்ளே போவதால், ஈரத்தைத் தேடுபவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். குழாயில் நீர் விட்டு விட்டுத் துப்புவதே இதன் அடையாளம்.

நகரநீர் அழுத்தம்

முகாம் மைதானங்களின் நீரழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் அது வண்டியின் இணைப்புகள் தாங்கும் அளவை மீறும். எனவே 45 முதல் 50 பவுண்டு அளவில் நிறுத்தும் அழுத்தச் சீராக்கியைப் பொருத்துவது இன்றியமையாதது. அதை வண்டியின் பக்கத்தில் பொருத்தாமல் மைதானக் குழாயின் வாயில் பொருத்தினால் நெகிழ்குழாயும் காக்கப்படும். நீர் திடீரென மெலிந்தால், நகரநீர் இணைப்பின் வாயிலுள்ள சிறு வலையில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகிழ்குழாயைக் கழற்றிப் பம்பை இயக்கும்போது அந்த வாய்வழியாக வெளியே நீர் ஒழுகினால், அங்குள்ள ஒருவழி வால்வை மாற்ற வேண்டும்.

இணைப்புக் கசிவுகள்

கழுவுதொட்டிக்கு அடியிலும் கழிப்பறையிலும் உள்ள நெகிழித் திருகுமறைகள் கூம்பு வடிவ வாஷரால் நீரை அடைப்பவை. இவற்றைக் கையால் முறுக்கி, பின் மிகச் சிறிதளவு மட்டும் இறுக்கினால் போதும். கசிகிறதே என்று சாவியால் மேலும் மேலும் முறுக்கினால் மறை பிளக்கும். இத்தகைய இணைப்பில் டெஃப்லான் நாடா சுற்றுவதாலும் பயனில்லை. அடைப்பது வாஷரே அன்றி மறையின் புரி அன்று. குழாயே வெடித்திருந்தால், பழுதான துண்டை நேர்குறுக்காக வெட்டியெடுத்து, அழுத்திப் பொருத்தும் இணைப்பான் ஒன்றால் வழியிலேயே சரிசெய்துகொள்ளலாம். வெட்டு சாய்வாக இருந்தால் இணைப்பான் பிடிக்காது.

வெந்நீர்க் கலன்

பெரும்பாலான வண்டிகளில் 6 அல்லது 10 கேலன், அதாவது ஏறத்தாழ 23 அல்லது 38 லிட்டர், கொள்ளும் கலன் உள்ளது. அது புரோப்பேன் எரிவாயுவிலும், பலவற்றில் மின்சாரத்திலும், இயங்கும். கலனில் நீர் இல்லாதபோது மின்சுருளை இயக்கினால் சில நிமிடங்களிலேயே சுருள் கருகிவிடும். வசந்தகாலத்தின் முதல் பயணத்தில் நிகழும் பழுதுகளில் இது முதன்மையானது.

கலன் நன்கு சூடாகியும் குழாயில் வெதுவெதுப்பான நீரே வந்தால் கலனைக் குறை கூற வேண்டாம். குளிர்காலத்திற்கான மாற்றுவழி வால்வு பாதி திறந்திருக்கலாம். அல்லது வெளிப்புறக் குளியலில் வெந்நீர், தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, கைப்பிடியிலுள்ள பொத்தானால் மட்டும் நீரை நிறுத்தியிருக்கலாம். அவ்வாறாயின் இரு நீரும் அங்கே கலந்து வண்டி முழுவதும் பரவும்.

பாதுகாப்பு வால்வு சொட்டுவது எப்போதும் பழுதன்று. நீர் சூடாகும்போது விரிவடைகிறது. அதற்கு இடம் தரக் கலனின் மேற்பகுதியில் காற்றுப் பகுதி ஒன்று உள்ளது. அக்காற்று நாளடைவில் நீரில் கரைந்து மறைந்தால் வால்வு சொட்டும். கலனை அணைத்து, நீர் முற்றிலும் ஆறியபின், நீர்வரத்தை நிறுத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து, பாதுகாப்பு வால்வின் நெம்புகோலை உயர்த்தி நீர் வடிவது நிற்கும்வரை வைத்திருந்தால் காற்றுப்பகுதி மீளும். அதன்பின்னும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். அதை எக்காரணத்தாலும் அடைக்கக் கூடாது. சதுர அங்குலத்திற்கு 150 பவுண்டு அழுத்தம் அல்லது 99 பாகை செல்சியசு வெப்பநிலையை எட்டினால் திறந்து, கலன் வெடிக்காமல் காப்பது அவ்வால்வே ஆகும்.

எஃகுக் கலன்களில், கலனுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் நேர்மின்வாய்த் தண்டு ஒன்று இருக்கும். ஆண்டுதோறும் கழற்றிப் பார்த்து, பெரும்பகுதி கரைந்திருந்தால் மாற்றுவது வழக்கம். அலுமினியக் கலன்களில் பொதுவாக இத்தண்டு இராது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மக்னீசியத் தண்டுடன் சேர்ந்து ஐதரசன் சல்பைடை உண்டாக்குகின்றன எனக் கொள்ளலாம். குளோரின் கலந்த நீரால் கழுவினால் நாற்றம் தீரும்; நீடித்தால் வேறு உலோகத் தண்டு பொருத்துவர்.

எரிவாயுக் குழாயில் கசிவு உண்டா என்பதைச் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்து அறியலாம். ஆனால் அப்பழுதைச் சரிசெய்வது பயிற்சி பெற்றவரின் வேலை.

கழிவுநீர்

கழிப்பறைக் கிண்ணத்தின் அடியில் சிறிதளவு நீர் எப்போதும் நிற்க வேண்டும். தொட்டியின் வாயுவைத் தடுப்பது அதுவே. நீர் நிற்காவிட்டால் ரப்பர் வளையத்தில் உப்புப்படிவு இருக்கும். துடைத்துச் சிலிக்கோன் மசகு தடவினால் பெரும்பாலும் சரியாகும்.

மைதானத்தில் கழிவுநீர் இணைப்பு கிடைத்ததும் கருநீர் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு ஆகும். அவ்வாறு செய்தால் நீர் மட்டும் ஓடிவிட, திடக்கழிவு தொட்டியின் நடுவில் கூம்பாகக் குவிந்து இறுகும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பும்வரை வால்வை மூடிவைத்து, பின் ஒரேயடியாகத் திறக்க வேண்டும். முதலில் கருநீரையும் பிறகு சாம்பல்நீரையும் விட்டால் பின்னது குழாயைக் கழுவிச் செல்லும். தொட்டி காலியான பின்னும் அளவுகாட்டி நிரம்பியதாகவே காட்டினால், உட்சுவரிலுள்ள உணரிகளில் கழிவு ஒட்டியிருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் கருவியில் பழுது இராது.

சமையலறையில் நாற்றம் வந்தால் கழுவுதொட்டியின் வளைகுழாயில் நீர் வற்றியிருக்கலாம், அல்லது அதன் அருகிலுள்ள காற்று வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பின்னதை எளிதில் மாற்றலாம்.

உட்புறப் பழுதுகள்

மரம் மட்குவதற்குக் குழாய்க் கசிவைவிடக் கூரைக் கசிவே பெரிய காரணம் ஆகும். கூரை பெரும்பாலும் ரப்பர் போன்ற ஒரே விரிப்பால் மூடப்பட்டிருக்கும். அதன் நடுப்பகுதி அரிதாகவே கசியும். காற்றுப்போக்கி, குழாய்முனை, விளிம்புச் சட்டம் என்று அவ்விரிப்பில் துளையிட்ட இடங்களிலேயே நீர் இறங்குகிறது. அங்கு பூசப்பட்ட அடைப்புக்களிம்பு வெயிலில் காய்ந்து வெடிக்கும். இறங்கிய நீர் சட்டத்தின் வழியே ஓடிச் சில அடி தள்ளி, பெரும்பாலும் கீழ் மூலையில் வெளிப்படும். கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே தேடுவது இதனால்தான் பயனற்றுப் போகிறது. பழுதுபார்க்கும் நிலையங்களில் வண்டிக்குள் விசிறியால் காற்றழுத்தம் ஏற்றி, வெளிப்புறம் முழுவதும் சவர்க்கார நீர் தெளிப்பார்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம்.

கூரையை ஆண்டுக்கு இருமுறையாவது ஏறிப் பார்ப்பது நல்லது. வெடித்த களிம்பின்மேல் கூரைப் பொருளுக்கு ஏற்ற களிம்பையே பூச வேண்டும். வன்பொருள் கடையில் எளிதில் கிடைக்கும் சிலிக்கோனைப் பூசினால், பின்னாளில் வேறெந்தக் களிம்பும் அதன்மேல் ஒட்டாது. சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் நாடா வைத்துத் திருகுவது வழக்கம்.

ஒட்டுச்சுவர் கொண்ட வண்டிகளில் வெளிப்புற இழைக்கண்ணாடித் தகடு மெல்லிய ஒட்டுப்பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே நீர் புகுந்தால் பசை விட்டுச் சுவர் குமிழ் போல உப்பும். இதை முழுமையாகச் சீராக்குவது கடினம். செலவு சில வேளைகளில் பழைய வண்டியின் விலையையே தாண்டும். ஆகவே பழைய வண்டி வாங்குபவர் புதிய மெத்தையையும் வண்ணப்பூச்சையும் பார்த்து மயங்காமல், சுவரைப் பக்கவாட்டில் நின்று ஒளிபடும் கோணத்தில் பார்க்கவும், கழிப்பறையைச் சுற்றியும் கதவருகிலும் தரையை அழுத்திப் பார்க்கவும், மூலை அலமாரிகளுக்குள் ஈரமானியை வைத்துப் பார்க்கவும் வேண்டும். அமுங்கும் தரையை உறுதியான சட்டம் தெரியும்வரை வெட்டியெடுத்து, முற்றிலும் உலரவிட்ட பின்னரே புதிய பலகை பொருத்த வேண்டும்.

எல்லா ஈரமும் கசிவன்று. ஒரு கிலோகிராம் புரோப்பேன் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி உண்டாகிறது. மூடிய வண்டிக்குள் சமைத்தால் அது குளிர்ந்த சாளரத்திலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படியும். பூஞ்சை அதில் வளரும். சமைக்கும்போது சாளரத்தையும் கூரை விசிறியையும் திறந்து வைப்பதே இதற்குத் தீர்வு. குளிருக்காக எரிவாயு அடுப்பை மூட்டி வைப்பது கூடவே கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடால் உறக்கத்திலேயே உயிர் போகும். இதற்கான எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. அது மின்கலம் மாற்றினால் என்றும் உழைப்பதன்று. அதன் பின்புறம் அச்சிட்ட காலாவதி நாளைப் பார்த்துக் கருவியையே மாற்ற வேண்டும்.

பழுதுக்கு எந்தப் பலகையை வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2005இல் கத்ரீனா சூறாவளியால் வீடிழந்தோர் அரசு வழங்கிய இழுவை வண்டிகளில் குடியமர்த்தப்பட்டபோது பலருக்கு மூச்சுக்கோளாறும் கண்ணெரிச்சலும் ஏற்பட்டன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 519 வண்டிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, உட்காற்றில் ஃபார்மால்டிகைடின் சராசரி அளவு நூறு கோடிக்கு 77 பங்காக இருந்தது. அழுத்தப்பலகைகளின் பசையிலிருந்து இவ்வாயு வெளியாகிறது. வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இது மிகும். 2010இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய பலகைகளுக்கு வரம்பு விதித்தது. புதிய பலகை வாங்கும்போது இவ்வரம்புக்கு உட்பட்டது என்னும் முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

அலமாரிக் கதவுகளின் திருகாணிகள் அதிர்வால் துளை பெருத்துக் கழலும். துளையில் பல்குச்சிகளை மரப்பசையோடு செருகி, காய்ந்தபின் மீண்டும் திருகினால் பிடிக்கும்.

குளிர்காலமும் மறுதிறப்பும்

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. பெக்ஸ் குழாய் சற்று நெகிழ்ந்து தாங்கும். பம்பின் தலை, கழிப்பறை வால்வு, நெகிழி இணைப்புகள் ஆகியவை தாங்கா. எனவே உறைபனி தொடங்கும் முன்பே தொட்டிகளையும், ஆறிய வெந்நீர்க் கலனையும், தாழ்நிலை வடிகுழாய்களையும் வடிக்க வேண்டும். பின்னர் கலனை மாற்றுவழி வால்வால் விலக்கி, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்பு வழியாக ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் நிறம் தெரியும்வரை விட வேண்டும். கழிப்பறை, வெளிப்புறக் குளியல், வளைகுழாய்கள் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. இத்திரவம் புரோப்பிலீன் கிளைக்காலால் ஆனது. மகிழுந்துகளில் ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்கால் நச்சுப் பொருள் ஆதலால் குடிநீர்க் குழாயில் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வசந்தத்தில் திரவத்தைக் கழுவி வெளியேற்றிய பின், 15 கேலன் அதாவது 57 லிட்டர் தொட்டிக் கொள்ளளவுக்கு 60 மில்லிலிட்டர் என்ற கணக்கில் மணமற்ற வீட்டு வெளுப்புநீரைக் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் வரவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, குளோரின் மணம் நீங்கும்வரை நன்னீரால் கழுவ வேண்டும். மாற்றுவழி வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பி, வெந்நீர்க் குழாயில் காற்றின்றி நீர் சீராக வருவதைப் பார்த்த பின்னரே கலனைச் சூடாக்கலாம்.